எண்ணெய் தின்னும் பாக்டீரியாவுக்குத் தண்ணீர் யார் கொடுப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் எண்ணெய்க் கசிவையும் எண்ணெய் தின்னும் பாக்டீரியாவையும் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த மாதிரி விஷயத்துக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கும் பத்திரிகைகள் குறைவு, அதற்கு நன்றி. ஆனால் குவைத் பாலைவனத்தைப் பற்றி அதில் வந்த இரண்டு வரிகளைச் சும்மா விட மனம் வரவில்லை. ஒரு இடத்தில், பாலைவனம் உயிரற்ற மணல் என்பதால் அங்கே எண்ணெய் கொட்டினால் இழப்பு குறைவு என்று இருந்தது. இன்னொரு இடத்தில், பாக்டீரியாப் பொடியைத் தூவிப் பாலைவனத்தையே சுத்தம் செய்துவிட்டார்கள், எண்ணூரில் முடியாதா என்று கேட்டிருந்தார் கட்டுரையாளர். முதல் வரி தப்பு. இரண்டாவது வரி பாதிதான் சரி, அந்தப் பாதியும் தலைகீழாக இருக்கிறது.

நான் மயிலாடுதுறைக்காரன். குவைத்தில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் மண் பரிசோதனைப் பிரிவில் டெக்னீஷியனாக இருந்து ஊர் திரும்பியவன். விஞ்ஞானி இல்லை. களத்துக்குப் போய் மண் எடுப்பது, சலிப்பது, கரைப்பானில் எண்ணெயைப் பிரித்து அளப்பது, தட்டில் பாக்டீரியாவை வளர்த்து எண்ணுவது, இவ்வளவுதான் என் வேலை. பி.எச்டி முடித்தவர்கள் எழுதும் அறிக்கைகளுக்கு எண்களைக் கொடுத்துக்கொண்டிருந்த கை இது.

முதலில் அந்த 'உயிரற்ற மணல்'. குவைத்தில் வருடத்துக்குச் சராசரியாக 11, 12 சென்டிமீட்டர் மழைதான். அதுவும் நவம்பரிலிருந்து ஏப்ரலுக்குள் ஏதோ சில நாட்களில் கொட்டிவிட்டுப் போய்விடும். 2016 ஜூலை 21 அன்று மித்ரிபா என்ற இடத்தில் நிழலில் பதிவான வெப்பம் 53.9 டிகிரி. வெயிலில் கிடக்கும் மண்ணின் மேற்பரப்பு அதையும் தாண்டிக் கொதிக்கும். இந்த மண்ணில் என்ன இருக்கப்போகிறது என்றுதான் போகிற எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் வண்டித்தடம் படாத இடத்தில் குனிந்து பாருங்கள். மணலின் மேல் சில மில்லிமீட்டர் கனத்தில், காய்ச்சிய பாலில் படியும் ஆடை மாதிரி ஒரு படலம் இருக்கும். நகத்தால் மெதுவாக நெம்பினால் சில்லுச் சில்லாக எழும்பும். அந்தச் சில்லைத் திருப்பி உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், மணல் துகள்கள் நூல் நூலாய்க் கோத்துத் தொங்குவது தெரியும். அந்த நூல்கள் நீலப்பச்சைப் பாசிகள், அதாவது சயனோபாக்டீரியாக்கள். அவை சுரக்கும் பசைதான் மணலைப் பிடித்து வைத்திருக்கிறது.

அதன் மேல் தண்ணீர் தெளித்தால் நடப்பதைப் பார்த்தால் யாருக்கும் 'உயிரற்ற' என்ற சொல் வாயில் வராது. சாம்பலும் பழுப்புமாகக் கிடந்த படலம் சில நிமிடங்களிலேயே பச்சை காட்ட ஆரம்பிக்கும். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த நூல்கள் ஈரம் பட்டதும் மேலே நகர்ந்து வந்து ஒளியைப் பிடிக்கும். காய்ந்தால் மறுபடி உள்ளே ஒடுங்கிவிடும். மரமும் புல்லும் இல்லாத நிலத்தில் காற்றிலிருந்து கரியை (கார்பனை) பிடித்து மண்ணுக்குக் கொடுப்பதில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. சில இனங்கள் தழைச்சத்தையும் (நைட்ரஜனையும்) பிடித்துக் கொடுக்கின்றன. இந்தப் படலமும் இதோடு சேர்ந்த சரளைக் கற்பரப்பும் உடைந்தால், ஷமால் என்ற வடமேற்குக் காற்று அடிக்கும்போது மணல் கிளம்பும். ஈராக் குவைத்தைப் பிடித்ததால் மூண்ட 1990-91 போரில் பீரங்கி வண்டிகளும் பதுங்குகுழிகளும் இந்தப் பரப்பைக் கிழித்துப் போட்டது ஒரு தனிக் கதை. அதற்கு மேல்தான் எண்ணெய் வந்தது.

அந்த எண்ணெய்க் கதை நம்மூரில் பலருக்குத் தெரியும். 1990-இல் அம்மான் வழியாக ஏர் இந்தியா விமானங்களில் திரும்பிய 1 லட்சத்து 70 ஆயிரம் இந்தியர்களில் எங்கள் பக்கத்துக்காரர்களும் உண்டு. போர் முடிந்து மறுபடி வேலைக்குப் போனவர்கள், நண்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டியதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். பின்வாங்கிய ஈராக் படை 600-க்கும் மேற்பட்ட கிணறுகளுக்குத் தீ வைத்தது. கடைசிக் கிணறு அடங்கியது 1991 நவம்பர் 6 அன்று. தீப்பிடிக்காமல் வெறுமனே பீறிட்ட கிணறுகளின் எண்ணெய், பள்ளமான இடங்களில் தேங்கி ஏரிகளாக நின்றது. பிற்பாடு அதில் நிறையப் பம்ப் செய்து எடுத்துக்கொண்டார்கள். எடுக்க முடியாதது மண்ணில் இறங்கியது.

மண்ணுக்கு நேர்ந்தது எல்லா இடத்திலும் ஒன்றல்ல, கட்டுரையில் இது விட்டுப்போயிருக்கிறது. ஏரி நின்ற இடத்தில் மேலே தார்ப்பாறையும் கீழே கசடும் எண்ணெயில் ஊறிய மண்ணும். ஏரியின் ஓரம் ஆழமில்லாத இடங்களில் காய்ந்து வெடித்த கறுப்புத் தோல். வழியை மறிக்கிறது என்று புல்டோசரால் ஒதுக்கிய எண்ணெய் மண் குவியல்கள் வேறு. அப்புறம், புகையோடு மேலே போன எண்ணெய்த் துளியும் கரியும் கீழே பெய்து, மணலோடும் சரளையோடும் இறுகிப்போன மேலோடு. இதை அங்கே எல்லோரும் 'டார்க்ரீட்' என்பார்கள், தாரும் கான்கிரீட்டும் சேர்ந்த பெயர். நாட்டின் பரப்பில் கிட்டத்தட்ட 5 சதவீதத்தை அது மூடியது என்பது கணக்கு. இது தவிர, தீயை அணைக்கக் கடல் தண்ணீர் கொண்டுவந்தார்கள். எண்ணெயைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோன குழாய்களிலேயே எதிர்த்திசையில் கடல்நீரை ஓடவிட்டார்கள். வேறு வழி இல்லை, சரி. ஆனால் கிணற்றைச் சுற்றி எண்ணெயோடு உப்பும் இறங்கியது. பாக்டீரியாவுக்கு எண்ணெயைவிட உப்பு பெரிய தொல்லையாக இருந்த இடங்களும் உண்டு. வடக்கே ரவ்தைன், உம் அல் ஐஷ் பகுதிகளில் நிலத்தடியில் இருந்த கொஞ்சநஞ்ச நல்ல தண்ணீருக்கும் இந்த இரண்டும் போய்ச் சேர்ந்தன.

இனி என் வேலை மேசைக்கு வருகிறேன். எண்ணெய் பட்ட பாலைமண்ணைப் பற்றி யார் கேட்டாலும் நான் செய்து காட்டுவது ஒரே ஒரு சோதனைதான். அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். உலர்ந்த மண்ணைத் தட்டில் சமமாகப் பரப்பி, சொட்டுக்குழாயால் ஒரு துளி தண்ணீர் விட்டு, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். நல்ல மணலில் துளி விழுந்த சுவடே இருக்காது. 5 விநாடிக்கு மேல் நின்றாலே அந்த மண் தண்ணீரை வெறுக்கிறது என்று அர்த்தம். ஒரு மணி நேரம் தாண்டினால் அது கடைசிப் படிநிலை. எண்ணெய் ஏரி ஓரத்து மண்ணில் துளி முத்து மாதிரி உருண்டு நிற்கும். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் அளவு கொஞ்சம் சுருங்கியிருக்கும், ஆனால் அது மண்ணுக்குள் போனதால் அல்ல, காற்றில் ஆவியானதால்.

இதை நினைத்துப் பாருங்கள். வருடத்தில் சில நாள்தான் மழை. அந்த மழையும் உள்ளே இறங்காமல் மேலாக வழிந்து ஓடிவிடுகிறது, அல்லது நின்று ஆவியாகிவிடுகிறது. மணல் துகள் ஒவ்வொன்றின் மேலும் எண்ணெய்ப் பூச்சு. பாக்டீரியா வாழ்வது அந்தத் துகளின் மேல் இருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தில்தான். அது இல்லாவிட்டால் உணவு எவ்வளவு குவிந்து கிடந்தாலும் அது செயல்பட முடியாது. எண்ணெயில் நச்சு இருக்கிறது, ஆவியாகும் இலேசான பகுதிகள் உயிரணுவின் சவ்வைக் கரைக்கின்றன, நிக்கலும் வனேடியமும் இருக்கின்றன, எல்லாம் உண்மை. ஆனால் பாலைவனத்தில் எண்ணெய் செய்யும் முதல் கெடுதல் மண்ணின் வாயை அடைப்பது. தவிர, கறுத்த மேற்பரப்பு வெளிர்மணலைவிட அதிகமாகச் சூடேறும். நீலப்பச்சைப் பாசிக்கு ஒளியும் போய்விடுகிறது.

கடுங்கோடையில் வெளிவேலைக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் முடியப் பகல் 11 மணியிலிருந்து 4 மணிவரை அங்கே அரசுத் தடை உண்டு. அதனால் விடியும் முன்பே கிளம்பிவிடுவோம். வெடிக்காத குண்டுகள் இல்லை என்று கொடி நட்டுச் சொன்ன பாதையை விட்டு ஒரு அடிகூட விலகக்கூடாது. டார்க்ரீட்டில் மண் எடுக்கும் துளைப்பான் இறங்காது, உளியும் சுத்தியலும்தான். இரண்டு விரல் கனம் பெயர்ந்து வந்தால் அடியில் சில இடங்களில் வெளிர்மஞ்சள் மணல் அப்படியே இருக்கும், எண்ணெய் தொடாதது. சில வருடம் போனதும் அந்த ஓடு தானாக வெடித்து, வெடிப்பில் காற்று மணலைக் கொண்டுவந்து நிரப்பி, மழைக்குப் பின் அந்தக் கோட்டிலேயே சின்னச் செடிகள் வரிசை கட்டி முளைக்கும். அந்தச் செடிகளைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

குவைத் பல்கலைக்கழகத்தில் சமீர் ரத்வான் என்ற பேராசிரியரின் குழு, போர் முடிந்த பிறகு எண்ணெய் ஊறிய மண்ணில் முளைத்த காட்டுச் செடிகளைப் பிடுங்கிப் பார்த்தது. அதில் முக்கியமானது செனேசியோ என்ற மஞ்சள் பூச்செடி. சுற்றியிருந்த மண் கறுப்பு, ஆனால் வேர் வெள்ளை வெளேரென்று சுத்தமாக இருந்தது. வேரை ஒட்டியிருந்த மணலும் சுத்தம். அந்த வேரைச் சுற்றி எண்ணெயைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் கூட்டமாக இருந்தன. 1995-இல் 'நேச்சர்' இதழில் இதை எழுதினார்கள். வேர் கசியும் சர்க்கரையையும் அமிலங்களையும் தின்று பெருகிய பாக்டீரியாக்கள், அக்கம்பக்கத்து எண்ணெயையும் ஒரு கை பார்க்கின்றன. அதற்கும் முன்னால் 1992-இல், வளைகுடாக் கரையில் எண்ணெய் படிந்த இடங்களில் நீலப்பச்சைப் பாசி விரிப்புகள் வளர்ந்ததையும், அந்த விரிப்புக்குள் எண்ணெய் தின்னும் பாக்டீரியாக்கள் பத்திரமாக ஒட்டிக்கொண்டிருந்ததையும் இதே பல்கலைக்கழகத்தார் பதிவு செய்தார்கள். 60 டிகிரி சூட்டிலும் எண்ணெயைச் சிதைக்கும் பேசில்லஸ் வகை ஒன்றும் இதே பாலைமண்ணிலிருந்து கிடைத்தது.

இதில் ஒன்றுகூட வெளியிலிருந்து பொட்டலத்தில் வந்ததில்லை. ரோடோகாக்கஸ், சூடோமோனாஸ், ஆர்த்ரோபாக்டர், ஸ்ட்ரெப்டோமைசிஸ் எல்லாம் அந்த மண்ணிலேயே முன்பிருந்தே கொஞ்சமாக இருந்தவை. நாங்கள் தட்டில் வளர்க்கும்போது, உப்புகள் மட்டும் கலந்த அகார் என்ற கூழை ஊற்றி, மூடியின் உட்புறம் கச்சா எண்ணெயில் தோய்த்த வடிகட்டித்தாளை ஒட்டிவிடுவோம். தின்ன வேறு எதுவும் கிடையாது, எண்ணெயின் ஆவி மட்டும்தான். சில நாள் கழித்துத் திறந்தால் ஆரஞ்சும் இளஞ்சிவப்புமாக வட்ட வட்டக் கூட்டங்கள் நிற்கும். அந்த நிறத்தில் தெரிவதில் பாதி ரோடோகாக்கஸ்தான் என்று அனுபவத்தில் சொல்லிவிடலாம். மெழுகு மாதிரியான தன் உறையால் அது எண்ணெய்த் துளியோடு ஒட்டிக்கொள்ளும், சோப்பு போன்ற ஒரு பொருளைச் சுரந்து எண்ணெயைப் பொடித்துளியாக்கும். பிறகு ஆக்சிஜனைச் சேர்த்து ஆல்கஹாலாக்கி, அதைக் கொழுப்பு அமிலமாக்கும். அதற்குமேல் நம் உடல் கொழுப்பைச் செரிக்கிற அதே வழிதான்.

எண்ணெய் தின்னும் பாக்டீரியாவை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய இந்திய வம்சாவளி விஞ்ஞானி ஆனந்த சக்கரவர்த்தியைப் பற்றிக் கட்டுரையில் பெருமையாக எழுதியிருந்தீர்கள். பெருமைப்பட வேண்டியவர்தான். அவர் உருவாக்கிய சூடோமோனாஸ் பாக்டீரியாவுக்குக் காப்புரிமை தரலாம் என்று 1980-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது உலகப் புகழ் பெற்ற தீர்ப்பு. ஆனால் அந்தப் பாக்டீரியாவை எந்த எண்ணெய்க் கசிவிலும் இறக்கிவிடவில்லை. இதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

ஆக, பாக்டீரியாவுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் வேறு இடத்தில். நான் வேளாண் குடும்பத்தில் பிறந்தவன் என்பதால் இந்தக் கணக்கு எனக்கு உடனே பிடிபட்டது. பாக்டீரியா 100 பங்கு கரியை உண்டு உடல் வளர்க்க ஏறத்தாழ 10 பங்கு தழைச்சத்தும் 1 பங்கு மணிச்சத்தும் (பாஸ்பரஸும்) வேண்டும் என்பது பொதுவாக வைத்துக்கொள்ளும் விகிதம். ஒரு கிலோ மண்ணில் 5 சதவீதம் எண்ணெய் என்றால் 50 கிராம். அதில் கரி மட்டும் 42 கிராம் இருக்கும். அதற்கு 4 கிராம் தழைச்சத்து வேண்டும். பாலைமண்ணில் ஒரு கிலோவுக்கு மொத்தமாகவே ஒரு கிராம் தேறாது. எண்ணெயில் கரி கொட்டிக்கிடக்கிறது, மற்ற சத்து இல்லை. அதனால் பாக்டீரியாக்கள் இருக்கும் சொற்பத் தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும், செடிக்கு ஒன்றும் மிஞ்சாது.

சரி, யூரியாவை அள்ளிப் போட்டால்? நம் வயலில் ஒரே தடவையில் போட்டால் பயிர் கருகுகிற மாதிரி, ஈரம் குறைந்த மண்ணில் அது உப்புச்சுமையாகி பாக்டீரியாவையே வாட்டும். கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துத்தான் போட வேண்டும். ஆக்சிஜனும் வேண்டும், ஒரு கிலோ எண்ணெய் முழுதாகச் சிதைய மூன்று கிலோவுக்கு மேல் ஆக்சிஜன் செலவாகிறது. அதனால் மண்ணைப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். 1990-களில் குவைத் அறிவியல் ஆய்வு நிறுவனமும் ஜப்பானிய நிபுணர்களும் சேர்ந்து புர்கான் எண்ணெய் வயலில் செய்து காட்டியது இதைத்தான். எண்ணெய் மண்ணைப் பரப்பியும் வரப்பு மாதிரிக் குவித்தும், மரச்சீவலும் மக்கிய உரமும் சேர்த்து, தண்ணீர் தெளித்து, புரட்டிப் புரட்டிப் போட்டார்கள். சில குவியல்களுக்கு உள்ளே குழாய் வைத்துக் காற்று ஊதினார்கள். ஓராண்டுக்குள் எண்ணெயில் பெரும்பங்கு குறைந்தது. மிஞ்சியது அஸ்பால்ட்டீன் மாதிரியான கனத்த பகுதி, அது சுலபத்தில் போகாது. இதுதான் கட்டுரை சொன்ன 'பாக்டீரியா சுத்தம் செய்த' கதையின் உள்ளே இருப்பது. நம்மூரில் தொழுஉரம் போட்டு மண்ணைக் கிளறும் விவசாயிக்கு இதில் புதிதாகச் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை.

ஆனால் அந்தத் தண்ணீர்? ஆறும் ஏரியும் இல்லாத நாடு. குடிநீர் கடல்நீரைக் காய்ச்சியும் வடித்தும் வருகிறது. நிலத்தடி நீர் பெரும்பாலும் உவர், அதைத் தெளித்தால் தண்ணீர் ஆவியாகி உப்பு மண்ணில் தங்கும். சுலைபியாவில் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் மிகப் பெரிய நிலையம் ஒன்று இருக்கிறது, அந்தத் தண்ணீர் வஃப்ரா, அப்தலி பண்ணைகளுக்குப் போகிறது. விவசாயமா, மண்சுத்தமா என்ற போட்டி அங்கேயும் உண்டு. பாக்டீரியா இலவசம், அதற்குக் கொடுக்கும் தண்ணீர்தான் விலை. இதை எந்தப் பொடி விற்பவரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

இனி நான் சொல்ல வந்த முக்கிய விஷயம். எண்ணெய் பட்ட பாலைமண்ணுக்குக் கொஞ்சம் ஈரமும் உரமும் கிடைத்தால் பாக்டீரியா எண்ணிக்கை குறையாது, கூடும். எங்கள் தட்டுகளில் சுத்தமான மண்ணைவிட எண்ணெய் மண்ணில் எண்ணெய் தின்னிகள் பல மடங்கு இருக்கும். அந்த எண்ணிக்கையை அறிக்கையில் பார்க்கிறவர்கள் "மண் உயிரோடு இருக்கிறது" என்று சந்தோஷப்பட்டுவிடுவார்கள். அங்கேதான் ஏமாற்று. கூட்டம் பெரிதாகிறது, குடும்பங்கள் குறைகின்றன. எண்ணெயைத் தின்னத் தெரிந்த சில இனங்கள் பெருகி இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. பாசிப்படலம் பின்னியவை, வெளிச்சத்தில் கரி பிடித்தவை, மெதுவாக வளர்ந்து கொஞ்சமாகத் தின்று காலங்காலமாக அந்த வறட்சிக்குப் பழகியவை ஒதுங்கிவிடுகின்றன. அதிலும் மண்ணில் இருக்கும் பாக்டீரியாக்களில் மிகப் பெரும்பான்மை எங்கள் தட்டில் வளரவே வளராது. இப்போது மண்ணிலிருந்து மரபணுவை நேரடியாகப் பிரித்துப் படிக்கிறார்கள், அதனால்தான் யார் போனார்கள் என்பதே தெரிய வருகிறது.

எங்கள் கூடத்தில் ஒப்பந்த அறிக்கைப் படிவத்தில் இரண்டே கட்டங்கள்: எண்ணெய் எத்தனை சதவீதம், பாக்டீரியா எத்தனை. துளிச் சோதனை முடிவையும், மேற்பரப்பில் படலம் இருக்கிறதா இல்லையா என்பதையும் நான் ஓரத்தில் பென்சிலால் குறித்து அனுப்பிக்கொண்டிருந்தேன். மேற்பார்வையாளர் நல்ல மனிதர், கெய்ரோக்காரர். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "நீ சொல்வது சரிதான். ஆனால் இதற்குக் கட்டம் இல்லையே, கட்டம் இல்லாததற்குப் பணம் வராது" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் கையில் இருந்ததும் அதே படிவம்தான். அன்றிலிருந்து பென்சில் குறிப்பு நின்றது. எண்ணெய் சதவீதம் இறங்கியது, பாக்டீரியா எண் நன்றாக இருக்கிறது என்று கையெழுத்தான பல மாதிரிகளில், நான் விட்ட துளி உள்ளே போகாமல் நின்றுகொண்டிருந்தது எனக்குத் தெரியும்.

பணம் என்றதும் இன்னொன்று. ஜெனிவாவில் இருந்த ஐ.நா. இழப்பீட்டு ஆணையம், ஈராக்கின் எண்ணெய் வருமானத்திலிருந்து மொத்தம் 5,240 கோடி டாலரைப் பல நாட்டவர்க்கும் வழங்கி 2022-இல் கணக்கை முடித்தது. நம்மூர்த் தொழிலாளிகளுக்கும் அதில் இழப்பீடு வந்தது, வாங்கியவர்கள் இதைப் படிப்பார்கள். அதில் குவைத்தின் சுற்றுச்சூழல் சீரமைப்புக்கென்று ஒதுக்கியது ஏறத்தாழ 300 கோடி டாலர். சுமார் 2 கோடியே 60 லட்சம் கன மீட்டர் மண்ணைச் சரிசெய்ய வேண்டிய திட்டம். இவ்வளவு மண்ணில், எண்ணெய் அதிகமாக ஊறியதைத் தோண்டி, அடியில் கசியாத தாள் விரித்துக் கட்டிய குழிகளில் புதைப்பது ஒரு வழி. மண்ணைக் கழுவுவது ஒரு வழி. பாக்டீரியாவிடம் விடுவது ஒரு வழி. புதைப்பது வேகமானது, கணக்குக் காட்டச் சுலபம். கசடு தேங்கிய இடத்தில் அதுதான் சரி என்றும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இலேசாக எண்ணெய் பட்ட இடத்தையும் ஒரேயடியாகச் சுரண்டி எடுத்துவிட்டு வெளியூர் மணலைக் கொட்டிச் சமன் செய்தால், அங்கே பசை பிடித்த படலமும் இல்லை, விதையும் இல்லை, அர்ஃபஜ் செடியின் வேர்க்கட்டையும் இல்லை. அர்ஃபஜ் குவைத்தின் தேசிய மலர். அது இல்லாத சுத்த மணலைச் சீரமைத்த நிலம் என்று சொல்வது எனக்கு ஒட்டவில்லை. டார்க்ரீட் வெடிப்பில் தானாக முளைத்த செடி வரிசைக்கு, இலேசாகப் பட்ட இடங்களில் இன்னும் கொஞ்சம் அவகாசம் கொடுத்திருக்கலாம். வேலி போட்டு, ஒட்டகத்தையும் குளிர்காலக் கூடாரக்காரர்களின் வண்டியையும் தடுத்தாலே பாதி வேலை.

பயறு வகை ஒன்றையும் குவைத் ஆய்வாளர்கள் சோதித்தார்கள். குவைத்திகள் 'பாஜில்லா' என்று அவித்துத் தின்னும் ஃபாவா பீன்ஸ். பயறுக்கு வேர்முடிச்சு உண்டு, காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும். அதன் வேரைச் சுற்றியும் எண்ணெய் தின்னிகள் திரண்டன. உரமும் பாக்டீரியாவும் ஒரே செடியில். நெல் அறுத்ததும் உளுந்து விதைக்கிற ஊர்க்காரன் எனக்கு இதைப் படித்தபோது ஆச்சரியம் இல்லை, சந்தோஷம்தான்.

பாலைவனம் எவ்வளவு மெதுவாக ஆறும் என்பதற்குக் குவைத் மட்டும் சாட்சியில்லை. இஸ்ரேலின் தெற்கே அரவா பள்ளத்தாக்கில் எவ்ரோனா என்ற காப்பகம் இருக்கிறது, கருவேல இனத்து மரங்களும் மான்களும் உள்ள இடம். அங்கே 2014 டிசம்பரில் குழாய் உடைந்து சுமார் 50 லட்சம் லிட்டர் கச்சா எண்ணெய் ஓடியது. அதே பகுதியில் 1975-லும் ஒரு கசிவு நடந்திருந்தது. புதுக் கசிவை ஆராயப் போனவர்களுக்கு, 40 ஆண்டு பழைய கசிவின் தாக்கமும் மண்ணில் இன்னும் இருப்பது தெரிந்தது. நாற்பது வருடம், ஆசிரியர் அவர்களே.

எண்ணூருக்கு வருவோம், கட்டுரையாளர் கேட்டதற்காக. 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதியபோதும், 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் முகத்துவாரத்துக்கு எண்ணெய் வந்தபோதும் அங்கே தண்ணீருக்குப் பஞ்சம் இல்லை, வெப்பமும் பாக்டீரியாவுக்குத் தோதானது. அங்கே குறைவது ஆக்சிஜன். அலையாத்தி மரங்களின் சேற்றில் சில மில்லிமீட்டருக்குக் கீழே காற்றே கிடையாது, எண்ணெய் அதற்குள் இறங்கிவிட்டால் சிதைவு மிக மெதுவாகிவிடும். நோய் வேறு, மருந்து வேறு. குவைத்தில் பலித்தது என்று சொல்லிச் சேற்றில் பொடியைக் கொட்டச் சொன்னால் பொடி விற்பவருக்குத்தான் லாபம்.

உங்கள் நிருபர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை எந்த நிறுவனமாவது எந்த ஊரிலாவது "பாக்டீரியா மூலம் மண்ணை மீட்டுவிட்டோம்" என்று பத்திரிகையாளர் சந்திப்பு வைத்தால், எண்ணெய் எத்தனை சதவீதம் குறைந்தது என்பதோடு மூன்று கேள்வி சேர்த்துக் கேளுங்கள். எத்தனை லிட்டர் தண்ணீர் செலவானது, எங்கிருந்து வந்தது? ஒரு துளி தண்ணீர் விட்டால் மண்ணுக்குள் போக எத்தனை விநாடி ஆகிறது? அங்கே முன்பு முளைத்த செடி எது, அது திரும்ப முளைத்ததா? பதில் சொல்கிறவர் கொஞ்சம் தடுமாறினால் அதையும் அப்படியே அச்சிடுங்கள்.

கடிதம் நீண்டுவிட்டது, வெட்டிக்கொள்ளலாம். போர்க் கதையை வெட்டினால் பரவாயில்லை, பலருக்கும் தெரிந்ததுதான். தழைச்சத்துக் கணக்கையும் துளிச் சோதனையையும் மட்டும் வெட்டாமல் விட்டுவையுங்கள். பள்ளி மாணவர்கள் ஒரு தேக்கரண்டி மண்ணும், பழைய எஞ்சின் ஆயிலும், மை நிரப்பும் சொட்டுக்குழாயும் வைத்து வீட்டிலேயே செய்து பார்க்கலாம். எண்ணெய் கலந்த மண்ணைச் செய்து முடித்ததும் தோட்டத்தில் கொட்ட வேண்டாம் என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மண் ஆய்வுக்கூட முன்னாள் ஊழியர்,
மயிலாடுதுறை.